தாயம்மாள் அக்காவின் நீர்மாலை

காளவாய்ச் சந்துத் தாயம்மாள் அக்கா கார்த்திகை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை விடியற்காலம் இறந்துபோனாள். அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கிடைத்தது அன்று சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவில் நடந்தது என்ன, அது நடக்க வேண்டிவந்தது ஏன் என்பதைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிற உங்கள் கையில் அச்சாகக் கொடுக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் முனிசிபல் மெம்பர் இல்லை என்பார். அச்சில் வந்துவிட்டால், இல்லை என்று சொல்ல அவரும் அச்சடித்தாக வேண்டும்.

செய்தி வந்தபோது கோட்டாற்றில் என் கடை வாசலில் தூத்துக்குடி லாரி நின்றது. காலி டின்கள் இறங்கிக்கொண்டிருந்தன. என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் தீர்ந்த டின்களை வாங்கி, சாம்பலும் வெந்நீரும் விட்டுக் கழுவி, ஓட்டை இருந்தால் ஈயம் வைத்து அடைத்து, தேங்காயெண்ணெய் மில்களுக்கு விற்பது என் தொழில். முனிசிபல் மெம்பருக்கும் ஒரு மில் உண்டு. அவருடைய கணக்கப்பிள்ளை அன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பந்தியில் இலை கிடைக்காதவர் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல, இறங்குகிற டின்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுமடு தூக்குகிற தங்கையாவின் பெண்டாட்டி பிச்சம்மை வந்தாள். அந்த நேரத்துக்கு அவள் தலையில் மீன்கூடை இருக்க வேண்டும். இல்லை. பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, அக்கா போயிட்டா."

யார் யார் கூட இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் இருக்கோம். அழுது முடிச்சாச்சு. நீர்மாலைக்கு எந்தக் கிணத்துக்குப் போகன்னு கேக்கத்தான் வந்தேன்."

கணக்கப்பிள்ளை எழுந்து தோள்துண்டைக் கையில் எடுத்தார். "அடப் பாவமே. நல்ல பொம்பள. மொதலாளிகிட்டச் சொல்லி ஒரு மாலை அனுப்பச் சொல்லுதேன்."

பிச்சம்மை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மாலை எதுக்குவே? சாவிய அனுப்பச் சொல்லும்."

நம் பக்கத்துச் சாவுகளில் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரைக் கிணற்றில் கோரி, குடங்களுக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டு வருவோம். அதுதான் நீர்மாலை. அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மாதமும் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லியிருந்தாள்: "நம்ம கிணத்து வெள்ளம் இல்லாம என்னக் கழுவப்பிடாது. கெடைக்கலையா, அழுக்கோட கெடந்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கொறையாது. பாக்கிறவனுக்குத்தான் நாறும்." அந்தக் கிணறு நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி மெம்பர் வீட்டு ஆணியில் தொங்கியது.

அந்தக் கிணறு யாருடையது என்பதில் இருந்து சொல்கிறேன்.

சுதந்திரம் வந்த வருஷம் நானும் தங்கையாவோடு சந்தையில் சுமடுதான் தூக்கினேன். காளவாய்ச் சந்தில் முப்பத்தொரு ஓலைக்குடிசைகள், அதில் ஒன்று என்னுடையது. முன்னால் சிப்பி நீற்றுகிற சுண்ணாம்புக் காளவாய். முனிசிபாலிட்டித் தண்ணீர் பெரிய தெருவோடு நின்றுவிடும். நம் பெண்கள் அடுத்தவர் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, வீட்டுக்காரிக்கு மனசு வந்து ஊற்றும்வரை காத்து நிற்பார்கள். அக்கா காளவாயில் சுண்ணாம்பு சலிக்கிற வேலை பார்த்தாள். புருஷன் நெஞ்சில் சுண்ணாம்புப் புகை கட்டிப் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒருநாள் நின்று நின்று கால் கடுத்து வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவள், நேரே காளவாய் முதலாளியான கிழவரிடம் போனாள். "பின்னால சும்மா கெடக்க எடத்துல ஒரு கிணறு தோண்டிக்கிடட்டா?" என்று கேட்டாள். "தோண்டிக்கோ" என்றார் அவர். அவ்வளவுதான். காகிதம் எழுதவில்லை. அந்தக் காலத்தில் அவர் வாய்ச்சொல் போதும் என்று இருந்தோம்.

சந்தை முடிந்த மத்தியானங்களில் நாங்கள் தோண்டினோம். முப்பத்தொரு வீட்டிலும் மண் சுமக்காத கை இல்லை. ஊற்று கண்ட அன்று கலங்கல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "மண்ணு ருசியா இருக்கு. இருக்கட்டும். யாருக்கும் தலைய ஆட்டாமக் குடிச்ச மொத வெள்ளம்."

கிணறு வந்ததும் சண்டையும் வந்தது. கோடையில் ஊற்று சிறுத்துவிடும். வரிசையில் முதலில் நிற்கிற குடத்துக்கே தெளிந்த தண்ணீர். அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சல் கண்ட வீடு, சாவு விழுந்த வீடு, இந்த மூன்றின் வாசல் நிலையில் அவள் கையால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பாள். பொட்டு உள்ள வீட்டுக் குடம் முதலில் போகும். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. அந்த வீட்டுக்குக் கஞ்சி பக்கத்து வீட்டார் காய்ச்ச வேண்டும். எழுத்துத் தெரியாத சந்துக்கு அந்த ஒரு பொட்டு போதுமாயிருந்தது.

தங்கையா ஒரு கோடையில் தானே பொட்டு வைத்துக்கொண்டான். இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன், எழுதச் சொன்னான். அக்கா பொட்டைப் பார்த்தாள். அது தன் கைப்பொட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? போய் ஒரு செம்பு நிலவேம்புக் கஷாயத்தோடு வந்தாள். பின்னால் பதினைந்து பெண்கள்.

"யாருக்கு மக்கா காய்ச்சல்?"

"எனக்குத்தான் அக்கா... லேசா."

"லேசாவா? லேசா வாரதுதான் ஆளக் கொண்டுபோகும். வாயத் தொற."

மூன்று நாள், வேளைக்கு ஒரு செம்பு. சந்தைக்குப் போகவிடவில்லை. காய்ச்சல்காரன் வெயிலில் சுமடு தூக்கலாமா? வீட்டுக்குள் போர்த்திப் படுக்க வைத்து, வாசலில் ஒரு பெண்ணைக் காவல் போட்டாள். மூன்றாம் நாள் தங்கையா நிலையில் இருந்த பொட்டைத் தானே நக்கி அழித்தான் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் மறக்கிறவ இல்ல கேட்டியா" என்றாள் அவனிடம். மறக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டில் நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பொட்டு வைத்தாள்.

நான் சுமடு விட்டு டின் வியாபாரத்துக்கு வந்ததும் என் கடைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். வீட்டுக்கு ஒரு டின், மூடியோடு, பக்கத்தில் நீளப்பிடி அகப்பை தொங்க வேண்டும் என்றாள். குடிக்கிற தண்ணீரில் யார் கையும் படக்கூடாது. காய்ச்சல்காரர்களைக் கொண்டுபோகிற ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா அதைச் சொல்லக் கேட்டுவந்தாளாம். "ஓட்டை டின் தந்துராத. ஓட்டைய அடச்சுக் குடுத்தது நீதான்னு சந்துக்கே தெரியும்" என்றாள். பிறகு காளவாய்ச் சுவரோரம் சாய்ப்பு இறக்கி ஒரு பிள்ளைக்கொட்டகை போட்டாள். மீன் விற்கப் போகிறவளும் சும்மாடு கட்டுகிறவளும் பிள்ளையை அங்கே விட்டுப் போகலாம். முறை வைத்து ஒருத்தி பார்த்துக்கொள்வாள். கக்கூஸ் குழிகள் இரண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும். சுண்ணாம்பு தூவுகிற முறை வாரத்துக்கு ஒரு வீடு. என் முறை வந்தபோது, கடை வைத்துவிட்டவன் ஆயிற்றே என்று கூலிக்கு ஆள் அனுப்பினேன். ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "நீ பேண்டது கூலிக்கா பேண்ட?" என்று சொல்லி அனுப்பினாள். போய்த் தூவினேன்.

இனி அந்தக் காகிதம்.

கிழவர் இறந்தார். காளவாயை வைத்துக்கொண்டு, பின்னால் கிடந்த இடத்தை அவர் வாரிசுகள் மெம்பருக்கு விற்றார்கள். கிணறு அதில் சேர்த்தியா இல்லையா என்பது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. மெம்பர் ஒருநாள் வெள்ளை வேட்டியோடு சந்துக்குள் வந்தார். பிள்ளைக்கொட்டகையைப் பார்த்து அதிசயப்பட்டார். சந்துக்கு முனிசிபல் குழாய் கொண்டு வருகிறேன், வீட்டுக்கு ஒருவர் மனுவில் கைரேகை வைத்தால் போதும் என்றார். மறுநாள் மனு வந்தது, மலையாளத்தில். நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். ஆபீஸ் காகிதம் என்றால் மலையாளம்தான், யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. சந்தில் தமிழ் படித்தவர் நாலு பேர் உண்டு. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் சரக்கு அனுப்பிப் பழகிய நான்.

சாட்சிக் கையெழுத்துக்காகக் காகிதம் முதலில் என் கடைக்கு வந்தது. அக்காவும் கூட வந்தாள். வண்டியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது, வண்டிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். முதல் வரியில் 'குடிவெள்ளம்', அதாவது குடிதண்ணீர், என்று பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"வாசிச்சியா?" என்று கேட்டாள்.

"வாசிச்சேன் அக்கா. கொழாய்க்குத்தான்."

அந்த ஒரு வார்த்தையின் பேரில் அக்கா முதல் கைரேகை வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து முப்பது பேர் வைத்தார்கள். மெம்பர் ஏமாற்றினார் என்று ஊருக்கே தெரியும். நான் வாசிக்காமல் வாசித்தேன் என்று சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமை வரை அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

குழாய் வந்தது. சந்துக்குள் இல்லை, மெம்பர் வீட்டு மதிலோரம். காலையில் ஒரு மணி நேரம் வரும். அவர் வீட்டுத் தொட்டி நிறைந்த பிறகு சந்துக்கு. ஒரு மாதம் கழித்துக் கிணற்றுக்கு மரமூடி போட்டு, இரும்புப் பட்டை அடித்து, பூட்டுத் தொங்கவிட்டார். தங்கையாவும் வேறு நாலு பேரும் கடப்பாரையோடு போனார்கள். மெம்பர் காகிதத்தைக் காட்டினார். கிணறு தன் அனுபவத்தில் உள்ளது என்றும், சந்துக்காரர்கள் தன் தயவில் கோருகிறார்கள் என்றும், சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் அதில் இருந்தது. கீழே முப்பத்தொரு கைரேகை. சாட்சி, என் கையெழுத்து.

அந்தக் கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது. சனங்கள் குளத்துக்குப் போனார்கள். வாந்திபேதி வந்தது. தங்கையாவின் மகள் வடிவுக்கு அப்போது நாலு வயசு. கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள்; நாங்கள்தான் பிந்திப் போனோம். திரும்பி வரும்போது அக்கா வண்டியைத் தள்ளவிடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தாள். தங்கையா வீட்டு நிலையில் பொட்டு வைத்தாள். ஆனால் முதலில் போவதற்குக் குடவரிசை எங்கே இருக்கிறது?

அன்று மத்தியானமே அக்கா செய்த காரியத்தால்தான் சாவு அந்த ஒன்றோடு நின்றது. காளவாய் சிப்பி வெந்து முடிந்த பிறகும் இரண்டு நாள் சூடு ஆறாமல் கிடக்கும். அந்தச் சூட்டின் மேல் என் டின்களை நிறுத்தி, குளத்துத் தண்ணீரை வடிகட்டி ஊற்றிக் கொதிக்க வைத்தாள். விறகு வேண்டாம். கொதிக்காத தண்ணீரைக் குடித்த வீட்டுக்குப் பிள்ளைக்கொட்டகை இல்லை என்றாள். நாலு கோடை சந்து அந்தக் காளவாய்த் தண்ணீரைக் குடித்துத்தான் பிழைத்தது. பிறகு வாந்திபேதி நம் சந்துக்குள் வரவில்லை. மெம்பர் தெருவுக்கு வந்தது. அவர் வீட்டு வேலைக்காரி கொதித்த தண்ணீருக்காகச் செம்போடு வந்து நின்றாள். கொடுக்காதே என்றாள் பிச்சம்மை. அக்கா கொடுத்தாள். மன்னிப்பு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். "கடைசி ஆளா நின்னு வாங்கிட்டுப் போகட்டும். நின்னது அவனுக்குத் தெரியணும்" என்றாள்.

வடிவு போன மூன்றாம் நாள் அக்கா என் கடைக்கு வந்தாள்.

"நீ வாசிக்கல" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஒன்ன மன்னிக்க மாட்டேன். மன்னிச்சா நீ மறந்துருவ. கிணத்த நீதான் திருப்பித் தரணும்."

என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்கிவிடுகிறேன் அக்கா, என்றேன்.

"என்ன வெலையும் குடுக்கவா? திருட்டுக்கொடுத்த பொருளத் துட்டுக் குடுத்து வாங்கவா? நீ யாவாரம் படிச்ச லெச்சணம் இதுதானா?" என்று சொல்லிவிட்டு நேரே அடுத்த இரும்புக்கடைக்குப் போனாள். கிணற்றில் தொங்குகிற மாதிரிப் பூட்டு என்ன விலை என்று கேட்டு வந்தாள். "அவன் பூட்டுக்கு என்ன குடுத்தானோ அதான் வெல. சல்லி கூட்டப்பிடாது. அவனா வந்து கேக்கணும். எழுதுத காகிதம் தமிழ்ல இருக்கணும். கிணத்தடியில நின்னு, எல்லாருக்கும் கேக்க, ரெண்டு தரம் அவனே வாசிக்கணும்."

அதற்குப் பிறகு அவள் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. என் கடைக்கு மட்டும் வருவாள், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து. கையில் ஏதாவது ஒரு தாள் இருக்கும். கோயில் நோட்டீஸ், மருந்துச் சீட்டு, ஒன்றும் கிடைக்காவிட்டால் டின் மேல் ஒட்டியிருக்கிற லேபிள். "வாசி" என்பாள். வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாசிப்பேன். "ரெண்டாம் தரம் வாசி. மொத தரம் நீ ஒனக்கு வாசிச்ச. ரெண்டாம் தரம் எனக்கு வாசி." நாலு வருஷம் இப்படி. கடையில் எனக்கு 'வாத்தியார்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

மெம்பர் எப்படி வழிக்கு வந்தார் என்று பலர் கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. எண்ணெயைக் கையில் ஏந்திக் கொண்டுபோக முடியாது, டின் வேண்டும். கோட்டாற்றில் டின் விற்கிற மற்ற இருவரும் என்னிடம் சரக்கு எடுக்கிறவர்கள். அவர் மில்லுக்கு ஒரு டின் போனாலும் அவர்களுக்கு என்னிடம் சரக்கு இல்லை என்றேன். அவர் கொச்சியில் இருந்து வரவழைத்தார். பார்த்து எடுக்கத் தெரியாத ஆள் போய் எடுத்ததால் பாதி டின் வழியிலேயே எண்ணெயைக் குடித்தது. அதைக் கேட்ட அன்று என் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். பெரிய வாடிக்கையை விட்டதில் எனக்கும் அடிதான். தங்கையா வீட்டு நிலையில் அழியாமல் கிடந்த அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் அடி வாங்கலாம் என்று தோன்றும்.

போன ஐப்பசியில், நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம், மெம்பரே கடைக்கு வந்தார். மில் முற்றத்தில் அண்டாக்களில் எண்ணெய் டின் இல்லாமல் சிக்கு வாடையடித்துக் கெட்டுக்கொண்டிருந்தது.

"என்னவே, ஊருல டின்னுக்கு இம்புட்டுப் பஞ்சமா?"

"ஊருக்கு இல்ல. ஒமக்குத்தான்."

"என்ன வேணும், சொல்லும்."

சொன்னேன். கிணற்றைத் தருவதற்கு அவர் ரொம்ப யோசிக்கவில்லை. பூட்டு விலை என்றதும் முகம் கறுத்தது, அதையும் விழுங்கினார். கிணற்றடியில் நின்று வாசிக்க வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார். "மீன்காரி முன்னால நின்னு நான் பாடம் ஒப்பிக்கணுமோவ்? வக்கீல் ஆபீசுல வச்சு எழுதித் தாரேன்."

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அப்போதே படுத்துவிட்டாள். வக்கீல் ஆபீசில் எழுதி வாங்கிவிடலாமா, நீ கண்ணை மூடுவதற்குள் கிணற்றைத் திறந்துவிடலாமே என்றேன். அரைக்கண்ணால் பார்த்தாள். "எனக்காகத் தொறக்கியா, சந்துக்காகத் தொறக்கியா? ஆபீசுக்குள்ள வச்சு எழுதினத இன்னொரு ஆபீசுக்குள்ள வச்சு மாத்துவான். முப்பது வீடு காதுல விழுந்தத எந்த ஆபீசுல மாத்துவான்?"

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை. கணக்கப்பிள்ளை ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மெம்பர் வீட்டில் இருந்து சம்பங்கி மாலை வந்தது. பிச்சம்மை அதை வந்தவன் கழுத்திலேயே போட்டுத் திருப்பி அனுப்பினாள். மத்தியானம் மெம்பரே சந்து முனைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"துட்டி வீட்டுல வச்சு இந்தப் பேச்சு வேண்டாம்வே. பதினாறு கழியட்டும். இன்னைக்கு வேற எங்கயாவது வெள்ளம் கோருங்க."

"அக்கா கழுவாமக் கெடப்பா. நாங்க காத்திருப்போம்" என்றேன். "லாரிய நான் அனுப்பல. டின்ன மறுபடி ஏத்தச் சொல்லியிருக்கேன். நாலு மணிக்குள்ள நீரு வாசிச்சா டின்னு ஒம்ம மில்லுக்கு. இல்லேன்னா தூத்துக்குடிக்கே திரும்பும்."

"பொணத்த வச்சுக்கிட்டு யாவாரம் பேசுதியா?"

"ஆமா. நீரு பிள்ளைகளக் கொல்லுத வெள்ளத்த வச்சு யாவாரம் பண்ணினீரு. நான் செத்தவ அனுமதியோட பண்ணுதேன்."

காகிதத்தை நானே எழுதியிருந்தேன், தமிழில். மெம்பர் சந்துக்குள் வந்தார். கிணற்றடியில் முப்பது வீடும் நின்றது. அவர் முதல் தரம் முணுமுணுத்தார். "கேக்கல மெம்பரே" என்றான் தங்கையா. சத்தம் கூடியது. 'குழாய்க்கு என்று சொல்லிக் கைரேகை வாங்கி, கிணற்றுக்கு எழுதிக்கொண்டேன்' என்ற வரியில் நின்றுவிட்டார். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியதை அதன் அம்மா அடக்கினாள். வாசித்தார். அடுத்த வரியை நான் வாசித்தேன், அது என்னுடைய வரி: 'வாசிக்காமலே வாசித்தேன் என்று சொன்ன சாட்சி நான்.' பிச்சம்மை என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை சுமக்க வேண்டும். அது நியாயம்தான். "ரெண்டாம் தரம்" என்றாள் அவள். இரண்டு பேரும் மறுபடி வாசித்தோம்.

பூட்டுத் துருவேறித் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஓடிப்போய் அவர்கள் மில்லில் இருந்தே ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். மூடியைத் தூக்கியதும் நாலு வருஷத்து வாடை மேலே வந்தது. பாசித் தண்ணீரை இறைத்து இறைத்துக் கொட்டினோம். ஊற்று தெளிந்து வந்தது. வழக்கமாகப் பிள்ளைகள்தான் நீர்மாலை எடுப்பார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. முப்பது வீட்டுக் குடமும் வரிசையாக வந்து நின்றது. பிச்சம்மை சுண்ணாம்பைக் குழைத்து அக்கா வீட்டு நிலையில் ஒரு பொட்டு வைத்தாள். ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பொட்டு வைத்தவள் தன் வாசலில் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை, இரண்டு தரம் காய்ச்சலில் கிடந்தபோதும். அன்று அவள் குடம் முதலில் போனது. வேட்டியின் ஒரு முனையைத் தங்கையா பிடித்தான், ஒரு முனையை நான் பிடித்தேன். மெம்பர் ஒதுங்கி நின்றார். அவர் மேலும் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. துடைத்துக்கொள்ளட்டும்.

மெம்பரை நான் மன்னிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சமாதானம் பேச வர வேண்டாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. எந்தத் தாள் வந்தாலும் வாய்விட்டு இரண்டு தரம் வாசிக்கிற பழக்கம் ஒன்று. அவள் என்னை மன்னிக்காமல் போனது மற்றொன்று. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிள்ளைக்கொட்டகை நடக்கிறது, கக்கூஸ் முறை இந்த வாரம் என் வீட்டுக்கு, பொட்டு வைக்கிற கை இனிப் பிச்சம்மையுடையது.

பத்திரம் மறுவாரமே ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. கிணற்றடியில் வாசிக்கக் கேட்காதவர்களுக்காக அதன் நிபந்தனைகளை இங்கே எழுதுகிறேன். கிணறும் சுற்றி ஒன்றரை சென்ட் இடமும் காளவாய்ச் சந்தின் முப்பத்தொரு வீட்டுக்கும் பொது. அக்கா வீடும் அந்த எண்ணிக்கையில் என்றைக்கும் சேரும். விற்றவர் வீட்டுக்கு வேண்டுமானால் வரிசையின் கடைசியில் குடம் வைத்துக் கோரிக்கொள்ளலாம். நிலையில் பொட்டு விழுந்தால் அவர்கள் குடமும் முதலில் போகும். விலை இரண்டு ரூபாய் எட்டணா. பூட்டும் சாவியும் அதில் அடக்கம்.